பெயர் தெரியாத சக்களத்தி

என் வீட்டுக்காரர் போலீஸ்காரர். அவருக்கு ஒரு பெண்ணோடு பழக்கம் இருந்தது. அவள் கள்ளக்காதலி இல்லை, துப்புச் சொல்கிறவள். புனேயில் கப்ரி என்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் மறைத்துவைத்துப் பொத்தென்று போட்டு உடைப்பதெல்லாம் எனக்கு ஆகாது. அவள் யார் என்று வெளியே தெரிந்திருந்தால் அவளை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. இதெல்லாம் தெரிந்த பிறகும் எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் முழுசாக அடங்கினபாடில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிப் புனே வந்தேன். அவருடையது தாத்தா காலத்திலேயே வேலூரிலிருந்து புனேயில் கட்கிப் பக்கம் குடிவந்த குடும்பம். வீட்டில் தமிழ், வெளியே மராத்தி, கோபம் வந்தால் ஹிந்தி என்று மூன்று மொழிக்கும் வேலை பிரித்துக் கொடுத்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகம். சிவாஜிநகர் பக்கம் போலீஸ் லைனில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். சுவர் அவ்வளவு மெலிசு. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து, நான் என் அடுப்பை அணைத்திருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் வேலை விஷயம் எல்லாவற்றையும் என்னிடம் சொல்வார். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தால் மோர் ஊற்றும் வரைக்கும் ஓடும். யார் எந்தப் பூட்டை உடைத்தான், எங்கே ஒளிந்திருந்தான், பிடித்தபோது எப்படி முழித்தான் எல்லாம் வரும். எனக்கு அந்த ஊரில் வேறு யாரையும் தெரியாது, மராத்தியும் வராது. அவர் சொன்ன திருடர்கள்தான் எனக்கு அங்கே பழக்கமான மனிதர்கள்.

அது ஒரு வழக்கோடு நின்றுபோனது. ஒரு கொள்ளைக் கும்பலைப் பற்றி அவருக்குத் துப்புக் கொடுத்தவர் ஒரு சைக்கிள் கடைக்காரர். வழக்கு நடந்தபோது இவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். தகவல் கொடுத்தது யார் என்று போலீஸ்காரரைக் கட்டாயப்படுத்திச் சொல்லவைக்க முடியாது. சட்டமே அந்தக் காப்பைக் கொடுத்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் அது தெரியும். அதனால் அவர் ஒவ்வொரு ஆளாகச் சொல்லிக் கேட்டார். தகவல் கொடுத்தது பால்காரரா? இல்லை என்றார் இவர். எதிர்வீட்டு வாத்தியாரா? இல்லை. சைக்கிள் கடைக்காரரா? அதைச் சொல்ல முடியாது, சட்டப்படி நான் சொல்ல வேண்டியதில்லை என்றார். வக்கீல் மேலே ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாராம்.

சாயங்காலம் பெருமையோடு வீட்டுக்கு வந்தார். "எவ்ளோ குடைஞ்சான் தெரியுமா? பேரை விடலயே நான்!" என்றார். எனக்கும் பெருமைதான், கூட ஒரு அப்பளம் பொரித்துப் போட்டேன். மற்றவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு ஒருவருக்கு மட்டும் சொல்ல முடியாது என்றால், அதுவே காட்டிக்கொடுத்த மாதிரிதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள், கடக்வாஸ்லா அணையிலிருந்து ஊருக்குள் வரும் கால்வாயில் சைக்கிள் கடைக்காரரின் உடல் கிடந்தது. இவர் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். "நான்தான் சொல்லிட்டேன். சொல்லமாட்டேன்னு சொல்லியே சொல்லிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு வேலை விஷயம் எதுவும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்ததில்லை.

சில வருஷம் கழித்து, வீட்டுக்கு டெலிபோன் வந்திருந்த சமயம், அந்தக் குரலும் வந்தது. "சாஹேப் ஆஹேத் கா?" என்று கேட்கும். ஐயா இருக்கிறாரா என்று அர்த்தம். இல்லை என்றால் டொக்கென்று வைத்துவிடுவாள். இருக்கிறார் என்றால் காத்திருப்பாள். இவர் வந்து எடுத்து, "ஹோ, ஹோ", அதாவது ஆமாம், ஆமாம் என்று நாலு தடவை சொல்லிவிட்டு, குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டுவார். நான் ஒரு டீயைக் கொடுத்தால் ஆற அமரக் குடிக்கிற மனுஷன் அவர்.

"யாருங்க அவ?" என்று கேட்டேன்.

"வேலை."

"வேலைக்குப் பொம்பளக் குரலா?"

"அரே, விடு. வேலைன்னா வேலை."

கப்ரியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மனசில் கப்ரி என்றால் ஆம்பிளை. தாடி வைத்திருப்பான், பீடி பிடிப்பான், சைக்கிள் கடை வைத்திருப்பான். இந்தக் குரலோ நல்ல இளங்குரல். கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி பேசும். அந்த மூச்சுதான் என்னைக் கொன்றது. எனக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் உன் கண் அந்தப் பக்கம் போயிருக்காது என்று அதற்குள் அத்தானோடு புனேக்கே வந்து ஔந்தில் குடியிருந்த என் அக்கா சொல்வாள். எத்தனை பிள்ளை இருந்தாலும் போயிருக்கும்.

பிறகு பாலம் வந்தது. புனேக்காரர்களுக்கு இசட் பாலம் தெரியும். டெக்கான் பக்கம் ஆற்றுக்கு மேலே இருக்கிறது. சாயங்காலமானால் ஜோடி ஜோடியாக வண்டியை ஓரமாக நிறுத்தி, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அங்கே எழுதாத ஒப்பந்தம். எதிர்வீட்டு ஹவால்தாரின் பெண்சாதி மட்டும் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. ரிக்ஷாவில் போகும்போது என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டாள். சாதாரண உடுப்பில் இருந்தாராம். மழை தூறிக்கொண்டிருந்ததாம். ஒரே குடைக்குள் இரண்டு பேராம்.

"அவ எப்படி இருந்தா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"முகம் தெரியலை வஹினி. ஸ்கார்ஃப் கட்டியிருந்தா. கண்ணு மட்டும்தான்" என்றாள். வஹினி என்றால் அண்ணி.

ஸ்கூட்டர் ஓட்டுகிற புனேப் பெண்கள் எல்லோருமே அப்போது தூசிக்குப் பயந்து துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். நெற்றியும் மூக்கும் வாயும் உள்ளே போய்விடும். ஊரெல்லாம் கண்கள் மட்டும் வண்டி ஓட்டும். அதற்குப் பிறகு நான் காய்கறி வாங்கப் போனாலும் சரி, பேங்குக்குப் போனாலும் சரி, எதிரே வருகிற ஒவ்வொரு கட்டிய முகமும் அவளாகவே இருந்தது. முகம் தெரிந்த சக்களத்தியாக இருந்தால் ஒரே ஒருத்தியைத்தான் வெறுக்க வேண்டியிருக்கும். எனக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

முகத்தை நானே செய்துகொண்டேன். நல்ல சிவப்பு. என்னைவிட ஒரு சாண் உயரம். கழுத்தோடு வெட்டிய முடி. கேம்ப் என்கிற கண்டோன்மென்ட் பக்கம் ஏதோ ஆபீசில் டைப்பிஸ்ட். நாசிக் ஊர்க்காரி. புருஷனை விட்டுவிட்டு வந்தவள். இடது கன்னத்தில் ஒரு மச்சம்கூட வைத்தேன். அவரோடு சேர்ந்து நடக்கும்போது அவர் அவள் பக்கத்திலேயே நடப்பார். என்னோடு லக்ஷ்மி ரோட்டுக்கு வந்தால் பத்தடி முன்னாலே போய், ஏதோ என்னைத் தெரியாதவர் மாதிரி நின்று திரும்பிப் பார்க்கிறவர், அவளுக்குக் குடை பிடித்தாரே! எங்கள் கல்யாண நாளை ஒருநாளும் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை, அவள் போனுக்கு மட்டும் மணி தவறாமல் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பார்.

சண்டை போட்டேன். சும்மா இல்லை, லைன் முழுக்கக் கேட்கும்படி போட்டேன். தட்டு பறந்தது, குடை ஜன்னல் வழியாக வெளியே போனது. "அந்த எடுபட்ட சிறுக்கி யாருன்னு சொல்லிட்டு உள்ள வாங்க!" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டிருக்கிறேன். அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தமிழ் தெரியாத வீடுகளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இரக்கப்பட்டு எனக்குக் கிண்ணம் கிண்ணமாகப் பருப்பும் காய்கறிப் பாஜியும் வர ஆரம்பித்தன.

அந்தச் சமயத்தில்தான் பேட்டைப் பக்கம் ஒரு மோட்டார் கராஜில் இவர் சோதனை போட்டார். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழிக்குள், பலகைக்குக் கீழே, நாட்டுத் துப்பாக்கிகள் கிடைத்தன. கராஜ்காரர் உள்ளே போனார். அவருடைய தம்பிகள் வெளியே இருந்தார்கள். பலகைக்குக் கீழே இருப்பது வீட்டோடு பழகுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும், அப்படியானால் சொன்னது நம்மில் ஒருத்தர் என்று அவர்கள் தேட ஆரம்பித்திருந்தார்கள். சோதனைக்கு முந்தின வாரம் இவரை இசட் பாலத்தில் முகம் கட்டிய ஒரு பெண்ணோடு பார்த்தவன் அவர்கள் ஆட்களிலும் ஒருத்தன் இருந்தான். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது புது நூற்றாண்டு பிறந்திருந்தது. ஹவால்தாரின் பெண்சாதி வந்து, "நாளைக்கு உங்க வீட்டுக்காரர் சாட்சி சொல்றார். பாலத்துல நின்ன பொண்ணைப் பத்தி அந்த வக்கீல் கேக்கப்போறாராம்" என்று காதில் போட்டாள். எனக்கு வேறென்ன வேண்டும்? என்னிடம் வேலை, வேலை என்று மழுப்பலாம். ஜட்ஜிடம் மழுப்ப முடியுமா? குளித்து, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, சிவாஜிநகர் கோர்ட்டுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். காய்கறிக்காரிகளோடு சண்டை போட்டுச் சண்டை போட்டே மராத்தி கற்றவள் நான், ஒரு வார்த்தை விடாமல் புரியும். முன் பெஞ்சில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பட்டுப்புடவை கட்டிய ஒரு பெரிய மனுஷி உட்கார்ந்திருந்தாள். கராஜ்காரரின் அக்கா என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

வக்கீல் நேராக வந்தார். சோதனைக்கு முந்தின வாரம், இசட் பாலத்தில், குடைக்குள் உங்களோடு நின்ற பெண் யார்?

அரசாங்க வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ஜட்ஜ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இவரைப் பார்த்து, பொறுமையாகவே சொன்னார்: இது தகவல் கொடுத்தவரைப் பற்றிய கேள்வி என்றால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, சட்டம் உங்களைக் காப்பாற்றும். அந்தக் காப்பைக் கேட்கிறீர்களா?

முன் பெஞ்சில் டிபன் கேரியர் அசையாமல் இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த தம்பிகள் இரண்டு பேரும் கொஞ்சம் முன்னால் குனிந்தார்கள். இவர் தண்ணீர் கேட்டார், குடித்தார்.

"இல்லை. அது என் சொந்த விஷயம்" என்றார்.

கோர்ட்டில் ஒரு சிரிப்பு ஓடியது. வக்கீல் விடவில்லை. உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது. உங்கள் மனைவிக்கு இந்தச் சொந்த விஷயம் தெரியுமா? இவர் தலையைத் தூக்கி மண்டபத்தைப் பார்த்தார். கடைசி பெஞ்சில் என்னைக் கண்டார். ஒரு கணம் முகம் வெளுத்தது, பிறகு ஏதோ முடிவுக்கு வந்த மாதிரி, "இப்ப தெரிஞ்சிருக்கும்" என்றார். சிரிப்பு பெரிதானது. ஜட்ஜ் மேஜையைத் தட்டி, அடுத்த கேள்விக்குப் போங்கள் என்றார்.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வெளியே வந்ததும் பாய்ந்தேன். தமிழில் ஆரம்பித்து, போதாமல் மராத்திக்குப் போய், மறுபடியும் தமிழுக்கு வந்தேன். "சொந்த விஷயமா? நான் யாரு அப்போ? வாடகைக்கு வந்தவளா? நாசமாப் போறவ, அவ நல்லாவே இருக்க மாட்டா!" வக்கீல்கள் நின்றார்கள், டீ விற்கிறவர் நின்றார், கராஜ்காரரின் தம்பிகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடி அவ்வளவையும் வாங்கிக்கொண்டார். நான் வீட்டுக்கே போகாமல் ஔந்துக்கு ரிக்ஷா பிடித்தேன்.

அக்கா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்து, "ஏட்டி, என்ன செஞ்சிட்டு வந்திருக்க?" என்றாள். அவர் என்ன செய்தார் என்று கேட்கவில்லை பாருங்கள். கூடப்பிறந்தவள் என்றால் இப்படித்தான்.

நாலைந்து நாள் கழித்து இவர் வந்தார். அக்காவும் அத்தானும் பாணேரில் புதிதாக எழும்புகிற ஃபிளாட் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தார்கள். சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அவ கப்ரி" என்றார். "பேர் கேக்காத."

"அதை ஜட்ஜுகிட்ட சொல்லவேண்டியதுதானே? அவர்தான் பதில் சொல்ல வேணாம்னாரே?"

"சொல்ல மாட்டேன்னு சொல்லியிருந்தா அந்தப் பாலத்துல நின்னவதான் கப்ரின்னு ஆயிடும். அந்தக் கராஜ்காரன் வீட்டுப் பொம்பளைங்கள்ல அன்னிக்குச் சாயங்காலம் யாரு வெளிய போனாங்கன்னு பார்த்தா முடிஞ்சிது. சைக்கிள் கடைக்காரனுக்கு நடந்ததை மறந்துட்டியா?"

"சத்தியம் பண்ணிட்டுக் கூண்டுல ஏறிப் பொய் சொல்லுதீங்களா?"

"பொய் சொல்லல. சொந்த விஷயம்னு சொன்னேன். அவ உசுரு என் சொந்த விஷயந்தான்."

கள்ளக்காதலி என்று நினைத்திருந்தபோதுகூட இப்படிக் குத்தியதில்லை. கள்ளக்காதல் என்றால் ஒருநாள் சலித்துப்போகும். இது சலிக்கிற சாமான் இல்லை. மேலதிகாரி கூப்பிட்டு ஒழுக்கத்தைப் பற்றி அரைமணி நேரம் பாடம் எடுத்தாராம், அதையும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டாராம். பதவி உயர்வு தள்ளிப்போகலாம் என்றார். எனக்காக இந்த மனுஷன் ஒருநாள் லீவு போட்டதில்லை. அவளுக்காக மானத்தையே போட்டிருக்கிறார்.

இதோடு நிற்கவில்லை. "நீ இப்ப வீட்டுக்கு வராத" என்றார். "கராஜ்காரன் ஆளுங்க லைன்ல வந்து விசாரிச்சிட்டுப் போயிருக்காங்க, நெசமாவே இவனுக்குத் தொடுப்பு இருக்கான்னு. நீ தட்டை ஒடைச்சதுல இருந்து எல்லாத்தையும் ஜனங்க சொல்லியிருக்காங்க. நம்பிட்டாங்க போலிருக்கு. தீர்ப்பு வர்ற வரைக்கும் நீ கோவமாவே இரு."

"நான் நடிக்கணுமா?"

"நடிக்கவேணாம். நெசமாத்தானே கோவமா இருக்க?"

சிரிப்பதா அழுவதா? "என்னைவிட அவ ஒசத்தியா ஒங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நீ உயிரோட இருக்க. அவளும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

ஆக, புருஷன் கைவிட்டவளாக நான் ஔந்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த அடுக்குமாடியில் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த கம்ப்யூட்டர் குடும்பங்கள் நாலைந்து இருந்தன. அந்தப் பெண்கள் லிஃப்ட்டில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள். அக்காவிடம்கூட உண்மையைச் சொல்லக்கூடாது. அவளோ தினமும், "கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போயேன்ட்டி" என்பாள். அத்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து இருமுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெங்காயம் நறுக்குவேன். எங்கேயோ ஒரு வீட்டில் அவள் நிம்மதியாகத் தன் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள், நான் என் அடுப்படியை விட்டுவிட்டு இங்கே வந்து கிடக்கிறேன் என்று நினைக்க நினைக்க வெங்காயம் பொடிப்பொடியாகப் போகும்.

சங்கராந்தி வந்தது. அந்த ஊர்ச் சுமங்கலிகள் வீட்டுக்கு வீடு கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளுருண்டையும் ஏதாவது ஒரு சின்னப் பாத்திரமும் கொடுப்பார்கள். ஹல்தி-குங்கு என்று பெயர். ஹவால்தாரின் பெண்சாதி ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். வராமல் இருந்தால் இன்னும் பேசுவார்களே என்று போனேன். அவள் வீட்டுக் கூடத்தில் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு பட்டுப்புடவை வந்து உட்கார்ந்தது. எல்லோரும் வேறு யாரோ கூட்டிக்கொண்டு வந்தவள் என்று நினைத்துக் குங்குமம் வைத்தார்கள். எனக்கு மட்டும் அவளைத் தெரியும். கோர்ட்டில் டிபன் கேரியரை மடியில் வைத்திருந்தவள், கராஜ்காரரின் அக்கா.

அவள் என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை சூடாக இருந்தது. "கேள்விப்பட்டேன். ஆம்பிளைங்க எல்லாம் இப்படித்தான்" என்று மராத்தியில் ஆரம்பித்து, குரலைத் தணித்து, "யாரு அவ? நீ பார்த்திருக்கியா? பேட்டைப் பக்கத்துக்காரியா?" என்றாள்.

இவள் கேட்பது எனக்காக இல்லை, தன் வீட்டில் எந்தப் பெண்ணைக் கொல்வது என்று தெரிந்துகொள்வதற்காக. கையில் இருந்த எள்ளுருண்டையைத் தட்டில் வைத்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றால் சந்தேகம் அப்படியே இருக்கும்.

"பேட்டையா? யாரு சொன்னா?" என்றேன். "நாசிக்காரி. கேம்ப்ல டைப்பிஸ்ட்." அப்புறம் என்னை யாரும் நிறுத்த முடியவில்லை. என்னைவிட ஒரு சாண் உயரம் என்றேன். நல்ல சிவப்பு, முடியைக் கழுத்தோடு வெட்டியிருப்பாள், இடது கன்னத்தில் மச்சம். புருஷனை விட்டுவிட்டு வந்தவள், இப்போது என் புருஷனைப் பிடித்துக்கொண்டாள், விஷயம் கோர்ட்டில் நாறியதும் ஊருக்கே ஓடிவிட்டாள். "எனக்குக் குடை பிடிச்சிருக்காரா அக்கா, இத்தனை வருஷத்துல ஒருநாள்?" என்று கேட்டபோது அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு பொட்டு நடிப்பு அதில் இல்லை. இல்லாத மச்சத்துக்காக நான் அவ்வளவு அழுதேன். கூடத்தில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பட்டுப்புடவை என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் முகத்தில் சலிப்பு வந்துவிட்டதைப் பார்த்தேன். ஒரு போலீஸ்காரனுடைய கள்ளத்தொடர்பில் அவளுக்கு என்ன வேலை? கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு லைனுக்கு யாரும் விசாரிக்க வரவில்லை.

வெயில் ஏறுகிற பருவத்தில் தீர்ப்பு வந்தது. கராஜ்காரருக்குத் தண்டனை. யார் சொன்னார்கள் என்பது தீர்ப்பில் ஒரு வரியிலும் இல்லை. இவர் ஔந்துக்கு வந்து, அக்காவுக்கு முன்னால் என்னிடம் மன்னிப்புக் கேட்டு, என்னை அழைத்துக்கொண்டு போனார். அக்கா எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் போன் அடித்தது.

"வஹினி, வெச்சிடாதீங்க." அதே குரல், அதே மூச்சு.

என் கை ரிசீவரை வைக்கத்தான் போனது. வைக்கவில்லை.

ஊரை விட்டுப் போவதாகச் சொன்னாள். எங்கே, யாரோடு என்பதையெல்லாம் நான் இங்கே எழுதமாட்டேன். ஹல்தி-குங்கு வீட்டில் நடந்தது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. பட்டுப்புடவை வீட்டுக்குப் போய், அது யாரோ நாசிக் டைப்பிஸ்ட், கன்னத்தில் மச்சம் வைத்தவள் என்று சொன்னபோது, தான் அங்கே ரொட்டி போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். மாவு கையிலிருந்து விழுந்துவிட்டதாம். பிறகு கொஞ்சம் தயங்கி, "சாஹேப் என்னைப் பத்தி உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை."

"பேரு?"

"பேரும் சொல்லலை."

"உங்ககிட்டக்கூடவா?"

"எங்கிட்டக்கூடத்தான்" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அந்தச் சந்தோஷம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? ஒரு ஆம்பிளை தனக்குக் கொடுத்த வாக்கை எவளுக்காகவும் மீறவில்லை என்று தெரிந்துகொண்ட பெண்ணின் சந்தோஷம் அது. நியாயமாகப் பார்த்தால் அந்த வீட்டில், அந்தப் போனுக்குப் பக்கத்தில், அந்தச் சந்தோஷம் வந்திருக்க வேண்டியது எனக்கு. ரிசீவரைப் பிடித்திருந்த விரல் எனக்கு வலித்தது.

"வஹினி, உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கேன். என் பேரை நானே சொல்றேன், கேளுங்க" என்றாள்.

எத்தனை வருஷம்! அந்த ஒரு பெயருக்காக எத்தனை தட்டு உடைத்திருக்கிறேன்! கேட்டால் அந்த முகம் கட்டிய பிசாசு ஒரு சாதாரணப் பெண்ணாக ஆகிவிடும், என் நெஞ்சு ஆறும் என்று தெரியும்.

"வேண்டாம்மா, சொல்லாத" என்றேன். "எனக்கு வாய் ஜாஸ்தி. எனக்கும் அவருக்கும் மறுபடியும் சண்டை வரும், ஒன்னை வெச்சுத்தான் வரும். எனக்குப் பேர் தெரிஞ்சா அதைக் கத்திருவேன். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் கேக்கும்."

சாயங்காலம் அவர் வந்தார். தட்டு வைத்தேன். போன் வந்தது, நல்லாயிருக்கா, ஊரை விட்டுப் போகிறாளாம் என்று சொன்னேன். பிசைந்த சோறு கையில் அப்படியே நின்றது.

"பேர் சொன்னாளா?" என்றார், பயந்துபோய்.

"சொல்ல வந்தா. வேண்டாம்னுட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எவ்வளவோ வருஷத்துக்கு அப்புறம், சோற்றைப் பிசைந்துகொண்டே, அன்றைக்கு ஸ்டேஷனில் நடந்த ஒரு திருட்டுக் கேசைச் சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டே மோர் ஊற்றினேன். எனக்கு இன்னும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.